கையெழுத்திட்டோர் இருவர், கப்பலேறியோர் இலட்சங்கள்!

(கூடலூரில் நடைபெற்ற இயக்கப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நாடு கடத்தலை எதிர்க்கும் அணியை அமைப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஊரென்றால் ஏடுகளைப் புரட்டிக்கொண்டு வந்திருப்பேன். இது கூடலூர். பாண்டியாற்றிலும் சேரங்கோட்டிலும் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்கள் இங்கே முன்வரிசையிலேயே இருக்கின்றன. மண்டபம் முகாமிலே இறங்கிய நாளை மறவாத மூதாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் கதையைத்தான் அவர்களிடமே சொல்லப் போகிறேன். எங்கே கோட்டை விட்டோம், எங்கே கோட்டையைப் பிடித்தோம் என்று எண்ணிப் பார்ப்பதற்காக.

1948 பிப்ரவரியிலே இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள், மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றோராயினர். துப்பாக்கி வெடிக்கவில்லை, தடி சுழலவில்லை, குடியுரிமைச் சட்டம் என்றொரு தாள்! நீ இங்கே பிறந்தது போதாது, உன் தந்தை இங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று காட்டு என்றது அந்தத் தாள். காடழித்து மலை திருத்தியவனிடம், லயத்து அறையிலே பிள்ளை பெற்றவளிடம், பிறப்புப் பத்திரம் கேட்டார்கள்!

ஏன் இந்தக் கோபம்? 1947 தேர்தலிலே அந்த மக்கள் தமக்கென உறுப்பினர்களை அனுப்பினார்கள்; அத்துடன் பல தொகுதிகளிலே இடதுசாரிகளுக்கும் வாக்களித்தார்கள். வாக்கைப் பறிக்க வேண்டும். அதற்குக் குடியுரிமையைப் பறிப்பது குறுக்குவழி. 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். 1952 தேர்தல் முடிந்தபோது, தோட்டத் தொழிலாளியின் பெயரால் பேச நாடாளுமன்றத்திலே ஒருவரும் இல்லை.

துணை நின்றவர் யார்? இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். இலங்கையின் சமசமாஜக் கட்சி எதிர்த்தது, டாக்டர் என். எம். பெரேரா சிங்களவராய்ப் பிறந்தும் தொழிலாளியின் பக்கம் நின்று வாதாடினார். தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமோ 1948-லேயே அமைச்சரவையில் அமர்ந்தார். இனத்தால் தமிழர் ஒருவர் நாற்காலியிலே. இனத்தால் வேறான ஒருவர் நம் அணியிலே! தந்தை செல்வநாயகம் அதைப் பொறுக்காது பிரிந்து, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைக் கண்டார். தோட்டத்துக் கூலிக்கு நேர்ந்தது நமக்கல்லவே என்று யாழ்ப்பாணத்து வழக்கறிஞர்கள் பலர் வாளாவிருந்தனர். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டியது.

ஆனால், கூட்டணிக்குள்ளே இருப்பவன் என்றும் இருப்பான் என்று கணக்குப் போடாதீர்கள். 1964 ஜூனிலே அதே சமசமாஜக் கட்சி சிறீமாவோ அம்மையாரின் ஆட்சியிலே பங்கேற்றது, பெரேரா நிதியமைச்சரானார். அந்த ஆட்சிதான் அக்டோபர் 30-ல் சாஸ்திரியாருடன் உடன்படிக்கை செய்தது. 9,75,000 பேரைக் கூறு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்வோம்! பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் 75,000, 75,000 என்று பாதி பாதியாக்கினர்.

நான் நாடகம் எழுதுகிறவன். என் பாத்திரங்களைக் கேளாமலே அவர்களைக் கொல்வேன், மணம் முடிப்பேன். திரை விழுந்ததும் எல்லோரும் எழுந்து தேநீர் பருகப் போவார்கள். இங்கேயும் அப்படித்தான் எழுதினார்கள் இரு தலைமை அமைச்சர்கள். தொண்டமானின் சங்கமும் அசீசின் சங்கமும் அந்த உடன்படிக்கையிலே தரப்பினராக இல்லை. திரை மட்டும் விழவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு 1984 வரை கப்பல் ஓடியது. சுமார் நான்கரை இலட்சம் பேர் வந்திறங்கினர். அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி இலங்கைக் குடிமகன் என்று ஒரே வயிற்றுப் பிள்ளைகளைக் கடல் பிரித்தது.

பிறர் மீது மட்டும் பழி போட்டுப் பயனில்லை. 1949-ல், இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்க்கான குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இழிவான சட்டம், விண்ணப்பம் போடாதே என்றது மலையகக் காங்கிரஸ். கொள்கைக்கு அழகுதான். காலக்கெடு 1951 ஆகஸ்டிலே முடிந்தது. அதற்குச் சற்று முன்புதான் மனம் மாறி, அவசர அவசரமாக விண்ணப்பங்களை நிரப்பினார்கள். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பித்து, ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோரே குடியுரிமை பெற்றனர். சட்டத்தை எதிர்த்து மேடையிலே முழங்குவதும், அந்தச் சட்டத்தின் கீழேயே மேசை போட்டு மனு எழுதுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒரே நாளிலே செய்யத் தெரிந்த இயக்கம் வேண்டும். 1952-ல் நூறு நாட்களுக்கும் மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், வீரம் குறையவில்லை. ஆனால் 1956-க்குள் ஒரே தொழிலாளிக்கு இரண்டு சங்கமாயிற்று.

இன்னொரு குறையும் உண்டு; அதை அதிகம் பேர் பேசுவதில்லை. கண்டிச் சிங்கள உழவனிடம், உன் நிலத்தைத் தமிழன் பறித்தான் என்று சொன்னார்கள். பறித்தது யார்? 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைக் காட்டி வெள்ளை அரசு பறித்து, வெள்ளைத் துரைக்கு விற்றது. பறிகொடுத்த உழவனும் பாடுபட்ட தொழிலாளியும் ஒரே துரையிடம் ஏமாந்தவர்கள். இதை அந்த உழவனின் மொழியிலே, அவன் ஊர்ச் சந்தையிலே போய்ச் சொல்ல எத்தனை பேர் முனைந்தார்கள்? என் எண்ணத்திலே, தோல்வியின் வேர் அங்கேதான்.

பிடித்த கோட்டையையும் சொல்கிறேன். 1986 பொங்கல் வேளையிலே தொண்டமான் தொழிலாளர்களைப் பிரார்த்தனைக்கு அழைத்தார். முற்பகலெல்லாம் கோயில், கொழுந்து செடியிலே முற்றிக்கொண்டிருந்தது. பக்திக்குத் தடை போட எந்த அரசுக்குத் துணிவு வரும்? சில நாட்களிலேயே கொழும்பு இறங்கி வந்தது. 1986, 1988, 2003 எனச் சட்டம் மேல் சட்டம் வந்து, எஞ்சியோர்க்குக் குடியுரிமை கிடைத்தது. தேயிலை எவர் கையில் என்பதை அந்த மக்கள் உணர்ந்ததால் கிடைத்தது. 2025 ஜூனிலே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடியேறியோரைப் பிடித்தபோது, ஒரு தொழிற்சங்கத் தலைவரையே கைது செய்தார்கள்; உடனே பல நகரங்களிலே சங்கங்கள் வீதிக்கு வந்தன. சங்கமில்லாத அனுதாபத்துக்குக் கண்ணீர் உண்டு, கைகள் இல்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். 1983-க்குப் பிறகு தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தவர்களிலே மலையக வழியினரும் உண்டு. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது, இலங்கையை அழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூனிலே, அறுபத்தைந்து பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் மனுக்களைப் பெற்று மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும் என்றது மதுரை உயர்நீதிமன்றக் கிளை. அவர்கள் காட்ட வேண்டிய சான்று எது தெரியுமா? தம் முன்னோர் இந்தியர் என்பது. அந்தச் சான்று எங்கே இருக்கிறது? இதோ, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலே! கண்டியிலே தரப்பட்ட குடும்ப அட்டை, கப்பலேறிய நாளின் தாள்கள், ஊர்ப் பெயர் எழுதிய பழைய கடிதம். உங்கள் அண்ணன் மகனோ, சித்தி பேத்தியோ முகாமிலே இருக்கிறார்கள். உங்களிடமுள்ள தாள் அவர்களுக்கு வழக்கறிஞரைவிடப் பெரிது.

ஆகவே, வாயிலருகே இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். ஒன்றிலே வழக்கறிஞர் தோழர்கள், மற்றதிலே பதிவேடு. எந்த முகாம், என்ன உறவு, கையில் என்ன தாள் என்று எழுதிக்கொள்வார்கள். மூலத்தை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எங்களிடமும்கூட; நகல் போதும். மாற்றுக் கட்சித் தோழர்கள், தேவாலயத்தார், பள்ளிவாசல் ஜமாத்தார் வந்தால் அவர்களுக்கும் நாற்காலி உண்டு. கொடி மட்டும் மேசைமேல் வேண்டாம், நம்முடையதும் வேண்டாம். முதலில் மூதாட்டிகள் வரட்டும். நின்று கால் கடுக்கும்.