வாசலுக்கு வெளியே



தோராவில் 613 கட்டளைகள் உண்டென்று யூத மரபு எண்ணுகிறது. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. பத்தை மனப்பாடமாகச் சொல்லும் நாம், மற்றவற்றைப் பழைய சடங்குகள் என்று தள்ளிவிடுகிறோம். ஆண்டவர் முதன்மையானவை என்று காட்டிய இரண்டுமே அந்தப் பத்தில் இல்லை. இணைச்சட்டத்திலும் லேவியரிலும் வேறு இடங்களில் இருக்கின்றன.

இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகு வாங்கக் கூடாது. அது உயிரையே அடகு வாங்குவதாகும். அடகுப் பொருளை எடுக்கக் கடன் வாங்கியவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். அவரே கொண்டுவந்து தருவார். ஏழையின் போர்வையானால் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை விரித்து, திரிகை மட்டுமல்ல, உணவு ஆக்க உதவும் எந்தக் கருவியும் அப்படியே என்கிறது.

நம் மாமல்லபுரம் கரையில் திரிகை எது? கொக்கிலமேட்டில் வலையும் படகு இயந்திரமும். சிற்பக் கூடத்தில் உளி.

கடன் வாங்கியவனுக்கு என்ன மானம் என்பார் சிலர். மனைவி மக்கள் முன் அவர் தலைகுனியக் கூடாது என்றுதான் கடன் கொடுத்தவரைச் சட்டம் வாசலில் நிறுத்துகிறது.

நம் அன்பியங்களில் வட்டிக்குக் கொடுத்தவர்களும் உண்டு, வாங்கியவர்களும் உண்டு. இந்த மழை மாதத்தில் யாருடைய இயந்திரம் யார் வீட்டில் கிடக்கிறது என்பது நமக்குத் தெரியும்.