சொந்தக்காரருக்கு வாடகைக் காம்பரா தேடும்போது

(தோட்ட மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் சம்பளத்துக்கு அடுத்த நாள், கொழுந்து நிறுத்துவிட்டு ஒரு அம்மா நேரே என் ஆபீசுக்கு வந்தார். கூடை இன்னும் முதுகிலேயே இருந்தது. "ஐயா, மகளுக்குக் கொழும்புல வேலை கெடைச்சிருக்கு. தங்குறதுக்கு ஒரு எடம் பாத்துக் குடுங்க. நீங்க எதச் சொன்னாலும் சரி" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன் பயந்தேன் என்பதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் வாழ்க்கையில் வாடகை கட்டியிருக்கிறோம்? 2023ஆம் ஆண்டு மலையகம் 200 என்று விழா எடுத்தோம். அத்தனை தலைமுறையிலும் நமக்குத் தெரிந்தது லயக் காம்பராதான். தோட்டத்தில் பேர் இருந்தால் காம்பரா இருக்கும். கூரை ஒழுகினாலும், பத்துப் பேர் ஒரே காம்பராவில் படுத்தாலும், மாதக் கடைசியில் வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஆகவே வாடகை வீடு தேடும் அனுபவத்தை நமக்கு அப்பாவும் சொல்லித் தரவில்லை, தாத்தாவும் சொல்லித் தரவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி நடத்தினால்தான் நஷ்டம்.

அட்வான்ஸ் என்ற சொல்லையே எடுங்கள். நமக்குத் தெரிந்தது தீபாவளி அட்வான்ஸ். தோட்டம் முதலில் காசைக் கொடுக்கும், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும். வாடகை அட்வான்ஸ் அதற்கு நேர் எதிர். நாம் முதலில் காசைக் கொடுக்கிறோம், போகும்போது திரும்பக் கேட்கிறோம். கையில் காசு இருப்பது வீட்டுக்காரரிடம். ஒரு சொல்தான், ஆனால் இரண்டு வேறு சங்கதி.

இனி என் சொந்தக் கதை. 2018இல் என் அக்கா மகளுக்குக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள். அக்கா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், கொழும்பைப் பார்த்ததில்லை. "தம்பி, நீ படிச்சவன், நீ பாத்து செய்" என்று சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன்? எனக்கு லீவு இல்லை என்று சொல்லி, தெரிந்த ஒருவர் மூலம் ஒரு புரோக்கருக்கு போன் எடுத்தேன். மாத வாடகை 8,000 ரூபா, மூன்று மாத அட்வான்ஸ் 24,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஆக 32,000 ரூபா. அக்கா தன் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். காம்பராவை நானும் பார்க்கவில்லை, அக்காவும் பார்க்கவில்லை. ஒரு துண்டுத் தாள்கூட எழுதி வாங்கவில்லை.

பிள்ளை ஐந்து மாதம் அங்கே இருந்தாள். பிறகு வீட்டுக்காரர், தன் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், ஒரு வாரத்தில் காம்பராவை விடு என்றார். அட்வான்ஸைக் கேட்டதற்கு, பெயிண்ட் அடிக்க வேண்டும், கரண்ட் பாக்கி இருக்கிறது என்று கணக்குச் சொன்னார். ஒரு சதமும் திரும்பி வரவில்லை. எதைக் காட்டிக் கேட்பது? நம்மிடம்தான் தாளே இல்லையே.

காசு போனது ஒரு பக்கம். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றதைச் சொன்னாள். குளிக்கிற இடத்துக்கு உள்தாழ்ப்பாள் இல்லையாம். ஆண்களும் அதே இடத்தைத்தான் பாவித்தார்களாம். விடிய நாலு மணிக்கு எழும்பி, இன்னொரு பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் ஐந்து மாதமும் குளித்திருக்கிறாள். "ஏன் புள்ள, ஒரு போன் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள், "மாமா பாத்துக் குடுத்த எடம். எப்படிக் குறை சொல்றது?"

இந்த ஒரு பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. நான் செய்த உதவியே அவள் வாயை அடைத்துவிட்டது. ஆகவே இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: சொந்தக்காரருக்குக் காம்பரா தேடிக் கொடுக்கிறவர் கூடவே போக வேண்டும், ஆனால் முடிவை அவரிடமே விட வேண்டும். "இது எனக்குச் சரிவராது" என்று அவர் பயமில்லாமல் சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது உதவி.

இதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அவசரத்தைக் குறைப்பது. வேலை கிடைத்த வாரமே காம்பரா எடுக்க ஓடினால் கிடைத்ததைத்தான் எடுப்போம். கொழும்பிலோ கண்டியிலோ சொந்தக்காரர் இருந்தால் முதல் இரண்டு மூன்று வாரம் அங்கே தங்கலாம். ஆனால் அவர்களுக்கும் சின்ன இடம்தான். "மூணு வாரம் இருப்பா, சாப்பாட்டுச் செலவுக்கு இவ்வளவு தருவா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தத்துக்குள் காசுப் பேச்சு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டால், ஒரு மாதத்தில் முகம் மாறும், இரண்டு மாதத்தில் பேச்சே நின்றுவிடும்.

இரண்டாவது, நேரில் பார்ப்பது. குறைந்தது மூன்று இடமாவது பாருங்கள். முடிந்தால் பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. கதவுக்கும் ஜன்னலுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறதா, குளிக்கும் இடமும் கக்கூசும் யார் யாருக்குப் பொது, தண்ணீர் எந்த நேரம் வருகிறது, பஸ் நிற்கும் இடத்திலிருந்து வரும் பாதையில் லைட் இருக்கிறதா, சமைக்க விடுவார்களா என்று கேளுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற பிள்ளையிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். வீட்டுக்காரர் சொல்லாதது அங்கே வெளிவரும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் எடுப்பதானால் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டையும் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மழையில் மண்சரிவு என்ன செய்தது என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சுவரில் புது வெடிப்பு, நிலத்தில் பிளவு, சாய்ந்த மரம் கண்டால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, வாடகையை மட்டும் பார்க்காமல் முழுச் செலவையும் கூட்டிப் பார்ப்பது. ஒரு உதாரணக் கணக்குச் சொல்கிறேன். வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு காம்பரா, வாடகை 14,000 ரூபா. கரண்ட், தண்ணிக்கு 2,000. சமைக்க விடமாட்டார்கள், கடைச் சாப்பாட்டுக்கு 20,000. மொத்தம் 36,000. இன்னொன்று தூரத்தில், வாடகை 11,000, கரண்ட் தண்ணிக்கு 1,500, பஸ்ஸுக்கு 5,000, சமைக்கலாம், சாமானுக்கு 12,000. மொத்தம் 29,500. மாதம் 6,500 ரூபா வித்தியாசம். சம்பளம் 45,000 என்றால் முதல் இடத்தில் 9,000தான் மிஞ்சும், இரண்டாவதில் 15,500 மிஞ்சும். சில நேரம் கணக்கு மாறியும் வரும். பஸ் காசும் இரவுப் பயணமும் சேர்ந்தால் கிட்ட இருக்கிற இடமே நல்லது என்று தெரியும். கொப்பியில் எழுதிக் கூட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் கவனமாக இருங்கள். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும் விதமாகத்தான் வீட்டுக் கட்டணம் இருக்கிறது. நாலு காம்பராவுக்கு ஒரே மீட்டர் என்றால் எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் விலைக்குப் போய்விடும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எப்படி ஏறியது என்று ஞாபகம் இருக்கும்தானே. ஆகவே தனி மீட்டரா, பங்கா, பங்கு என்றால் எப்படிப் பிரிப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது, எழுதி வாங்குவது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டைக் குத்தகைக்கு எழுதுவதென்றால், அது நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி இது. ஆனால் நம் பிள்ளைகள் எடுக்கும் போர்டிங் காம்பரா பெரும்பாலும் மாதாமாதக் கணக்குத்தான். அதற்கும் ஒரு தாள் வேண்டும். இரண்டு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காம்பராவின் விலாசம், வாடகை எவ்வளவு, எந்தத் திகதியில் கட்டுவது, அட்வான்ஸ் எவ்வளவு, போகும்போது எத்தனை நாளில் திருப்பித் தருவது, எதெதற்குக் கழிப்பது, விடுவதானால் எத்தனை நாளுக்கு முன் சொல்வது. இவ்வளவையும் எழுதி இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். மாத வாடகைக்கும் துண்டு வாங்குங்கள். முதல் நாளே சுவர், கட்டில், பூட்டு எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். போகும்போது "நீதான் உடைச்சே" என்று யாரும் சொல்ல முடியாது.

தாள் சிங்களத்திலோ இங்கிலிசிலோ இருந்து, வாசிக்கத் தெரியாவிட்டால், கையெழுத்து வைக்காதீர்கள். "வாசிச்சுக் காட்டிட்டு நாளைக்குக் கொண்டு வர்றோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல வீட்டுக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார். ஒரு நாள்கூடப் பொறுக்காதவரிடம் ஒரு வருஷம் குடியிருக்க முடியுமா?

ஐந்தாவது, புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை. அடையாள அட்டையும் அதன் போட்டோ பிரதியும், கிராம உத்தியோகத்தரிடம் எடுத்த நற்சான்றிதழும், வேலைக் கடிதமும். யுத்த காலத்தில் கொழும்பில் தங்கப் போன நம் பிள்ளைகள் பொலிஸ் பதிவுக்காகப் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். இப்போதும் எங்காவது குடியிருப்பவர் விபரம் கேட்டுப் படிவம் வந்தால், உண்மையாக நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறாவது, அட்வான்ஸுக்குக் காசு கொடுக்கிறவர்கள். மாமாவோ சித்தப்பாவோ கொடுக்கும்போது அது கடனா, அன்பளிப்பா என்று அன்றே சொல்லிவிடுங்கள். கடன் என்றால் மாதம் எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பிறகு கலியாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்பது பிள்ளையைக் கொல்லுகிற வேலை. தோட்டை அடகு வைப்பதற்கு முன் சீட்டுக் காசு இருக்கிறதா, வீட்டுக்காரர் அட்வான்ஸை இரண்டு தவணையாக எடுப்பாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்பதால் ஒன்றும் குறையாது.

இவ்வளவும் செய்தும் பிணக்கு வந்தால்? தாளையும் வாடகைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதி மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுக்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. சட்டத்தரணி வைக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அடி, மிரட்டல், பெண் பிள்ளைக்குத் தொந்தரவு என்றால் காசைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் பிள்ளை அங்கிருந்து வெளியேற வேண்டும், உடனே பொலிசுக்குப் போக வேண்டும்.

என் அக்கா மகள் கதையின் மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறேன். அடுத்த வருஷம் அவளுக்கு இன்னொரு கடையில் வேலை கிடைத்தது. இந்தத் தடவை லீவு போட்டுவிட்டு நானும் அக்காவும் கூடவே போனோம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று இடம் பார்த்தோம். முதல் இடம் எனக்குப் பிடித்திருந்தது, "இது போதுமே" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் "வேணாம் மாமா" என்றாள். இரண்டாவதையும் வேண்டாம் என்றாள். மூன்றாவது வத்தளைப் பக்கம், கொஞ்சம் தூரம்தான். அவளே குளிக்கும் இடத்துக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். பக்கத்துக் காம்பராப் பிள்ளையிடம் பேசினாள். பிறகு "இது சரி" என்றாள். கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதி அந்த வீட்டுக்கார அம்மாவும் கையெழுத்து வைத்தார். மூன்று வருஷம் அங்கே இருந்து, கலியாணத்துக்காக விட்டு வரும்போது, கடைசிக் கரண்ட் பில்லைக் கழித்துக்கொண்டு மிச்ச அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார். அக்காவின் தோட்டையும் நான் வட்டி கட்டி மீட்டுக் கொடுத்துவிட்டேன். அது என் தப்புக்கு நான் கட்டிய காசு.

அன்று ஆபீசுக்கு வந்த அம்மாவிடமும் நான் இதைத்தான் சொன்னேன்: "நான் விலாசம் விசாரிச்சுத் தர்றேன். ஆனா நீங்களும் மகளும் போய்ப் பாருங்க. மகள் சரின்னு சொன்னா மட்டும் காசக் குடுங்க."

உங்கள் வீட்டிலும் யாராவது புறப்பட இருந்தால், காம்பரா எடுக்கும் முன் வந்து என்னிடம் பேசுங்கள். எழுத வேண்டிய தாளின் மாதிரி ஒன்று ஆபீசில் வைத்திருக்கிறேன். வந்து கேட்டால் பிரதி தருவேன்.