அடித்துவிடச் சொன்ன மைனஸ் ஒன்று

(பழைய மாணவர் சந்திப்பில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஆற்றிய உரை)



"சார், கொஞ்சம் நகைச்சுவையாப் பேசுங்க" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது கரும்பலகைதான். ஆகவே ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன். பயப்படாதீங்க, மார்க் கிடையாது!

1974, பி.யூ.சி. வகுப்பு. 25 மீட்டர் உயர மாடி விளிம்பிலிருந்து ஒரு பந்து. வேகம் வினாடிக்கு 40 மீட்டர், கிடைமட்டத்துக்கு மேலே 30 டிகிரி. எத்தனை வினாடியில் தரைக்கு வரும்? 'ஜி'யை 10 என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பாதிப் பேர் மனப்பாடச் சூத்திரத்தில் போட்டு 4 வினாடி என்றார்கள். அது பந்து மாடி மட்டத்துக்குத் திரும்பும் நேரம். கீழே இன்னும் 25 மீட்டர் இருக்கே!

பக்கவாட்டில் போவது வேறு, ஏறி இறங்குவது வேறு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் காட்டிய வழி அது. 40-இல் பாதி, 20, மேல்நோக்கிய வேகம். அதை வைத்து இருபடிச் சமன்பாடு போட்டால் இரண்டு விடை: 5, மைனஸ் 1.

"மைனஸ் ஒன்றை அடிச்சுடுங்க" என்றேன்.

கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்தார். "சார், அது சும்மாவா வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அதிகப்பிரசங்கி, உட்கார்!" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவர் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, விடைத்தாள் திருத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. பந்தை ஒரு வினாடி முன்னதாகவே தரையிலிருந்து, மேல்நோக்கி 30 மீட்டர் வேகத்தில் யாரோ எறிந்ததாக நினையுங்கள். (கட்டடம் குறுக்கே நிற்பது வேறு விஷயம்.) ஒரு வினாடியில் 25 மீட்டர் ஏறும், வேகம் 20 ஆகக் குறையும், சரியாக மாடி விளிம்பில் இருக்கும். அதற்கப்புறம் அதுவும் நம்ம பந்தும் ஒன்றுதான். தரையிலிருந்து தரைக்கு மொத்தம் 6 வினாடி. சமன்பாட்டுக்கு மாடி இருப்பதே தெரியாது. பந்து எப்போதெல்லாம் தரையில் இருக்கும் என்றுதான் அதைக் கேட்டோம், இரண்டு நேரத்தையும் சொல்லிவிட்டது.

அவர் இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. தம்பி, நீங்க கேட்டது சரியான கேள்வி. நான் உட்காரச் சொன்னது தப்பு. பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கணும்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்க. சாப்பாடு தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.