தேரோடும் திருவீதி

(வத்தல்மலை அடிவாரத் திருக்கோயில் கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வத்தல்மலையின் நிழலில் நின்றுகொண்டு மதுரை மாசி வீதியைப் பற்றிப் பேசுவானேன் எனத் தாங்கள் எண்ணலாம். கோபுரத்திற்கும் விமானத்திற்கும் பொருள் தந்தோர் இங்குப் பலர் உளர். வீதியை நினைந்தோர் ஒருவரையும் காணேன். அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

ஆலவாயண்ணல் கோயிலின் மதிலுக்குள்ளே ஆடி வீதி. மதிற்புறத்தே சித்திரை வீதி. அதனைச் சூழ ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. விசுவநாத நாயக்கர் காலமாகிய 16-ஆம் நூற்றாண்டில் நகரம் இவ்வமைப்பிற் செப்பம் பெற்றது என்பர். மாசி வீதியில் ஓடுவதோ சித்திரைத் தேர்! மாசியில் நடந்த தேர்விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பது வழக்கு. மாதம் மாறிற்று, வீதியின் பெயர் மாறவில்லை.

இவ்வீதிக்கு அளவுகோல் தேரே ஆகும். வடம் பிடிப்போர் நிற்க அகலம் வேண்டும். முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்ப மூலையில் இடம் வேண்டும். பழைய வீடுகளின் உயர்ந்த திண்ணையும் இக்காட்சிக்கு உதவியது. நடக்கவியலாத முதியோரும் நோயாளரும் அங்கு அமர்ந்தவாறே அம்மையப்பரைத் தொழுதனர். சாலைமேற் சாலை இட இடத் திண்ணைகள் தாழ்ந்து வாயில்கள் பள்ளமாவதைக் கண்டால் நெஞ்சம் வருந்துகிறது.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். வெளி வீதிகள் அவ்வாறு பிறந்தன. அவர் நினைவாக எழுந்த விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது.

ஒன்று மறைத்தல் தகாது. கோயிலுள் நுழையத் தடுக்கப்பட்டிருந்த மக்களுக்கு, வீதிக்கு எழுந்தருளும் அம்மையைத் தொலைவில் நின்று தொழுவதே எஞ்சியிருந்தது. 1939 சூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் உள்ளே சென்று வழிபட்ட பின்னரே அந்நிலை மாறியது. சன்னிதி மூடிய காலத்தும் அருள் வெளிவந்த வழி வீதியே அன்றோ!

நம் கோயிலுக்கு இன்னும் தேர் இல்லை. மரம் வாங்கவும் பொருள் இல்லை. ஆயினும் மலையிலிருந்து இறங்கிவரும் கிழவியர் நிழலில் அமர்ந்து சுவாமியைக் காணும் நாள் வரும். வடகீழ் மூலையில் அன்னதான மண்டபம் எழுப்ப ஓர் அன்பர் முன்வந்துள்ளார். அவர் இவ்வவையிலேயே இருக்கிறார். அம்மண்டபத்தைப் பத்து முழம் உள்ளே தள்ளிக் கட்டுமாறு அவரை வேண்டிக்கொள்கிறேன். தேர் திரும்ப வேண்டிய மூலை அது.