சொப்பு ஊர்

நவராத்திரிக் கொலுப்படிக்குக் கீழே தெருவும் குளமும் கடையுமாக ஓர் ஊரையே அமைப்போமே, நினைவிருக்கிறதா? நிஜ ஊரையே அப்படிக் காட்டும் புகைப்படக் கலை ஒன்று இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் அப்படி ஒரு படம் எடுத்தேன்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைத்தான் எடுக்கப் போனேன். ஆனால் தரைக்கல் செய்யும் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டேன். கண்ணாடிப் பலகைமேல் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சிமெண்டுச் சாயக் கூழை ஒரு பெரியவர் கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார். அச்சைத் தூக்குகிறார், ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்கவில்லை! மேலே மணலும் சிமெண்டும் போட்டுச் சமன் செய்துவிடுவதால் பூ அடியில் மறைந்துவிடும். இறுகி, தண்ணீரில் ஊறி, கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் அது முகம் காட்டும். அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. நேயர்களே, அதைப் பார்க்கவே ஒரு நாள் ஒதுக்கலாம்.

பக்கத்து மொட்டை மாடியில் ஏறினேன். கீழே முற்றத்தில் வரிசையாகக் காயும் கற்கள், நடுவே அந்தப் பெரியவர். படத்தின் நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, மேலும் கீழும் படிப்படியாக மங்கலாக்கினேன். அவ்வளவுதான், முற்றம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

எப்படி? மோதிரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள், பின்னால் இருப்பதெல்லாம் மங்கும். தொலைவில் பார்க்கும்போது அப்படி மங்காது. அதனால் மங்கலைக் கண்டதும், ‘இது கைக்கெட்டும் தூரத்துப் பொருள், ஆகவே சின்னது’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இத்தாலியரான ஒலிவோ பார்பியேரி, லென்ஸைச் சாய்க்கும் டில்ட்-ஷிஃப்ட் முறையில், ஹெலிகாப்டரிலிருந்து மாநகரங்களையே இப்படி எடுத்தவர். நமக்கு மொட்டை மாடியும் கைபேசிச் செயலியும் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். என் முதல் படத்தில் ஒரு தென்னையின் அடி தெளிவு, கொண்டை மங்கல். ஒரே மரம் எப்படிப் பாதி அருகிலும் பாதி தொலைவிலும் இருக்கும்? மாயம் கலைந்துவிட்டது. உயரமானவை பட்டையைத் தாண்டி நீளாதபடி இன்னும் செங்குத்தாகக் கீழ்நோக்கி எடுத்தேன். வானமும் வராமல் பார்த்துக்கொண்டேன். நிறத்தையும் சற்றுக் கூட்டினேன், பொம்மைக்கு அடித்த வர்ணம்போல.

படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, நம்ம பட்டறையைச் சொப்புச் சாமானாக்கிட்டீங்க... பேத்திக்குக் காட்டணும்” என்றார்.

உயரமான இடம், நல்ல வெயில், நடுவே ஒரு தெளிவுப் பட்டை. வரும் நவராத்திரிக்குள் உங்கள் ஊர்த் தேரடியோ சந்தையோ அப்படி ஒரு படமாகிக் கொலுப் பக்கத்தில் இடம்பிடிக்கட்டும்.