ஜான்னி ஏன் பள்ளியைவிட்டுப் போனான்?



பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிற தலைமையாசிரியர் எங்கிருந்து தொடங்குவது? பிள்ளைகளின் கதைகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். எத்தனை பேர் தேறவில்லை, எத்தனை பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதைப் பதிவேடு காட்டிவிடும். ஏன் நிறுத்தினார்கள் என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அதை உலகம் கேட்கும்படி சொன்னவர்கள், இத்தாலியில் ஒரு மலையூர்ப் பிள்ளைகள்.

ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே, முஜெல்லோ மலைப்பகுதியில் இருக்கிறது பார்பியானா. 1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே வந்தபோது, ஊருக்குச் சாலை இல்லை, மின்சாரம் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்தன. மிலானி, ஃபிளாரன்ஸின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு ஏறாது என்று மற்ற பள்ளிகள் தள்ளிவிட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, தேவாலயத்தை ஒட்டிய வீட்டிலேயே பள்ளி நடத்தினார். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு உண்டு. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்தங்கிய பிள்ளைக்குப் புரியும்வரை மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார்கள்.

அந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதிய நூல் 1967-இல் வெளிவந்தது. ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதமாக அமைந்த நூல் அது. தமிழிலும் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்ற பெயரில் வந்திருக்கிறது.

1962-ஆம் ஆண்டுச் சட்டம், 14 வயதுவரை எல்லாருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்று இத்தாலியில் கதவைத் திறந்துவிட்டது. ஆனாலும் விவசாயிகள், தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகள் தோற்றுத் தோற்று வெளியேறினார்கள். இதை விளக்கக் கடிதம் இரண்டு சிறுவர்களை முன்னே நிறுத்துகிறது. ஒருவன் பியெரினோ, மருத்துவரின் மகன். பள்ளிக்கு வரும்போதே எழுதப் படிக்கத் தெரிந்தவன். இன்னொருவன் ஜான்னி. அவனுக்கு எழுத்துப்பிழை தீரவில்லை. ஆனால் உழைப்பைப் பற்றியும் பெரியவர்களின் வாழ்க்கையைப் பற்றியும் நிறையத் தெரியும். பள்ளி அவனுடைய பிழைகளை எண்ணியது. அவனுக்குத் தெரிந்தவற்றைக் கேட்கவே இல்லை.

கதையோடு அந்த எட்டு மாணவர்கள் நிற்கவில்லை. பள்ளிகளிலிருந்து கணக்குகளைத் திரட்டினார்கள். யார் தோற்கிறார்கள், அவர்களுடைய தந்தையர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டார்கள். கணக்கு மட்டும் இருந்திருந்தால் படித்துவிட்டு மூடிவைத்திருப்பார்கள். கதை மட்டும் இருந்திருந்தால், பாவம், ஒரு பையனின் தலைவிதி என்று சொல்லியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து வந்ததால் பள்ளி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எழுதிய முறையும் கவனிக்கத்தக்கது. மனதில் தோன்றியதை ஒவ்வொருவரும் துண்டுச்சீட்டில் குறித்தார்கள். சீட்டுகளைச் சேர்த்து, ஒரே செய்தி திரும்ப வந்தால் நீக்கி, அத்தியாயங்களாக அடுக்கினார்கள். குறையையும் தாங்களே சொன்னார்கள், தீர்வையும் தாங்களே சொன்னார்கள். இந்தப் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேச வேறொருவர் தேவைப்படவில்லை.

நம் பள்ளி விழாக்களில் வேறொரு வகைக் கதையை அடிக்கடி கேட்கிறோம். தெருவிளக்கில் படித்து உயர்ந்தவர், பசியோடு படித்து முதலிடம் வந்தவர். அவர்களுடைய உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தக் கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், முடியாமல் போன பிள்ளை தன்னைத்தான் நொந்துகொள்ளும். பள்ளி எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்றாகிவிடும். தலைமையாசிரியருக்குத் தேவைப்படுவது ஜான்னியின் கதை. படிப்பை நிறுத்திய பிள்ளையின் கதை.

அதைச் சொல்லவும் இடம் பார்க்க வேண்டும். காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் வறுமையையோ சாதியையோ வீட்டுச் சண்டையையோ எடுத்துச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால், அடையாளம் தெரியாதபடி, முடிவெடுக்கும் இடத்தில் சொல்ல வேண்டும். அப்படி ஓர் இடம் நம்மிடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதற்காக அந்தத் தாய்மார்கள் கூலி வேலையை விட்டு வருவதில்லை.

அந்தக் குழுவில், பதிவேட்டில் ‘லாங் ஆப்சென்ட்’ (நீண்ட நாள் வராதவர்) என்று குறிக்கப்பட்ட மாணவி ஒருத்தியைப் பற்றிப் பேசலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றாளா? பேருந்து நேரம் ஒத்துவரவில்லையா? கழிப்பறை சரியில்லையா? வகுப்பில் யாராவது சொன்ன சொல் சுட்டதா? ஒவ்வொன்றுக்கும் பள்ளி செய்யக்கூடிய காரியம் வேறு. காரணம் தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை, பெரும்பாலும் பெற்றோரை அழைத்துக் கண்டிப்பதோடு முடிந்துவிடுகிறது.

கடிதம் வெளிவந்து சில வாரங்களில், 1967 ஜூன் 26 அன்று, மிலானி 44 வயதில் காலமானார். பிள்ளைகள் கேட்டவற்றில் ஒன்று முழுநாள் பள்ளி. 1971-இல் இத்தாலி அதற்குச் சட்டம் இயற்றியது. 1977-இல் வந்த இன்னொரு சட்டம், பின்தங்கியவர்களைத் தனியே ஒதுக்கிவைத்த வகுப்புகளை மூடியது. பலருடைய போராட்டங்கள் சேர்ந்து கொண்டுவந்த மாற்றங்கள் இவை. அந்த எட்டுப் பேரின் குரலும் அவற்றில் உண்டு.

தலைமையாசிரியர்களே, அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் கதையை முதல் பொருளாக வையுங்கள். பள்ளி எதை மாற்றிக்கொள்ளப் போகிறது என்று தீர்மானத்தில் எழுதுங்கள். அதற்கடுத்த கூட்டத்தில், மாற்றியது என்ன என்று அந்தத் தாய்மார்களிடம் கணக்குக் கொடுங்கள்.