கருவுக்கு முந்திய மருந்துகள்

"முழுகாமலிருக்கிறாள்" என்பது கருவுற்ற பெண்ணைக் குறிக்க ஈழத்துத் தமிழில் வழங்கும் அழகிய சொல். தலைமுழுகும் நாள் தவறியதும் வீட்டார் செய்தியை ஊகித்து மகிழ்கின்றனர். சீனியைக் குறை, பாரம் தூக்காதே, கண்ட மருந்தைக் குடியாதே என்று புத்திமதிகளும் அன்றே தொடங்கிவிடும். ஆயினும் அந்த நாளுக்கு முன்னரே கருவறையில் பெருங்காரியம் ஒன்று ஆரம்பித்துவிடுகிறது. பிள்ளையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் மூலமாகிய நரம்புக் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். முழுக்குத் தவறும் வேளையிலோ அவற்றுள் 14 நாட்கள் கழிந்துவிடுகின்றன. ஐயந்தீர்ந்து, கிளினிக்கில் பெயர் பதியும்போது அந்தக் குழாய் பெரும்பாலும் மூடியிருக்கும். அல்லது மூடாமலே நின்றிருக்கும். எனவே மருந்தைப் பற்றிய ஆலோசனை கருவுக்கு முன்னரே நடைபெற வேண்டும்.

இங்கே முதலிடம் பெறுவது ஃபோலிக் அமிலம் என்னும் சின்னஞ்சிறு குளிசை. இதன் வரலாறு இந்தியாவிலே தொடங்குகிறது. 1928 ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், துணியாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈரலும், மார்மைற் எனப்படும் மலிவான ஈஸ்ற் சாறும் அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931 இல் வெளியிட்டார். இலங்கையில் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் நலிந்த மக்களுக்கு ஊட்டியதும் அந்த மார்மைற்றையே. அதனுள் மறைந்திருந்த சத்து 1941 இல் பசளிக்கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயர் பெற்றது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 1991 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பரிசோதனை ஒன்று முடிவுற்றது. நரம்புக் குழாய்க் குறையுள்ள பிள்ளையை முன்னர் பெற்ற தாய்மார், மறுமுறை கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை திரும்ப வருவது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைகிறதென அது காட்டியது.

சாதாரணமாக நாளொன்றுக்கு 400 மைக்குரோகிராம், கருத்தரிக்க முயலும் காலந்தொட்டு முதற் பன்னிரண்டு வாரங்கள் வரை போதுமானது. நீரிழிவு உடையோர், வலிப்புக்கு மருந்துண்போர், முன்னர் இத்தகைய பிள்ளையைப் பெற்றோர் ஆகியோருக்கு மருத்துவர் கூடிய அளவை விதிப்பார்.

இனி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்வெளி சூழ்ந்து கிடக்கும் மாவடிப்பள்ளியிலே, கலியாணமாகி ஆறு மாதம் சென்ற ஒரு மனையை எண்ணிப் பார்க்கலாம். கீழ்க்கரை வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டிலே குடியிருக்கிறார். "இன்னும் ஒன்றுமில்லையா மகள்?" என்று மாமி கேட்கிறார். ராத்தா ஒரு லேகியத்தைக் கொண்டுவருகிறார். கட்டாரிலிருந்து வந்த மச்சான் இரண்டு விற்றமின் போத்தல்களை வைத்துவிட்டுப் போகிறார். தோழியொருத்தி, தனக்குப் பலித்ததென்று கருமுட்டையைத் தூண்டும் குளிசையில் மிஞ்சியதைக் கொடுக்கிறாள். எல்லாம் அன்பினால் வருவனவே. ஆயினும் அன்பு அளவறியாது.

இரண்டு போத்தல்களிலும் விற்றமின் ஏ இருக்குமானால், தினமும் 10,000 அலகைக் கடந்து அது கருவின் உறுப்புகளைக் கெடுக்கக்கூடும். லேகியத்திலே பாதரசமோ ஈயமோ சேர்ந்த பஸ்பம் உண்டா என்பதை அதனைச் செய்தவரே சொல்லவேண்டும். சொல்லாத மருந்தை உண்ணாதிருப்பதே நலம். தோழியின் குளிசையோ வைத்தியரின் மேற்பார்வையில் உண்ண வேண்டியது. இரட்டைக் கருவுக்கும் அது வழிவிடும். ஆறு மாதத்தில் பிள்ளை தரிக்காமை நோயுமன்று. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண்ணாயின் ஓராண்டு பொறுத்தே ஆராய்ச்சி தொடங்குவது மருத்துவ வழக்கம். அவ்வயதைக் கடந்தவர்க்கு ஆறு மாதம்.

இதனினும் கடினமானது, ஏற்கெனவே உண்ணும் மருந்தைப் பற்றிய கேள்வி. பிள்ளைக்கு ஆகாதென்று கேள்விப்பட்டதும், யாரையும் கேளாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் பெண்கள் உளர். வலிப்புக்குக் கொடுக்கப்படும் வல்புரோயேற்று என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். கருவிலிருக்கும்போது அதற்கு ஆளாகும் பிள்ளைகளுள் பத்தில் ஒன்று பெரிய உறுப்புக் குறையோடு பிறக்கிறது. பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி தடைப்படுகிறது. ஆனால் திடீரென நிறுத்தினால் வலிப்பு மீண்டு தாயின் உயிரையே பறிக்கலாம். வேறு மருந்துக்கு மெல்ல மாறி, உடல் நிலைப்பட்டபின் கருத்தரிப்பதே வழி. அதற்கு மாதங்கள் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான எனலப்பிரில், லொசாட்டன் போன்றவற்றையும் மாற்றவேண்டும். முகப்பருவுக்கு உண்ணும் ஐசோற்றெற்றினொயின் கட்டாயம் நிற்கவேண்டும். தைரொயிட்டு நோய்க்கான தைரொக்சினையோ நிறுத்தவே கூடாது. கரு நின்றபின் அதன் அளவைக் கூட்ட நேர்வதே பெரும்பான்மை.

மாப்பிள்ளைக்கும் இதில் பங்குண்டு என்பதை வீட்டார் ஏனோ மறந்துவிடுகின்றனர். தசை திரள வேண்டி உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் ஏற்றிக்கொள்ளும் தெஸ்தொஸ்தெரோன் ஊசி, ஆண்மையைப் பெருக்குவதாகத் தோன்றி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடுகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். ஆகவே ஊசியை நிறுத்திய மறுவாரமே பலனை எதிர்பார்த்தல் வீண். பெண்ணைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் கணவரும் உள்ளே சென்று தம் மருந்துகளைச் சொல்வது நன்று.

இலங்கையில் இதற்கு நெடுந்தூரம் செல்லத் தேவையில்லை. 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல் கிராமந்தோறும் வேரூன்றிய பொதுச் சுகாதார மருத்துவ மாது, புதுமணத் தம்பதியரையும் தம் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். ஃபோலிக் அமிலக் குளிசையையும் இலவசமாகக் கொடுக்கிறார். ருபெல்லாத் தடுப்பூசி போட்டதுண்டா என்றும் விசாரிப்பார். இல்லையெனில் ஊசி போட்டு, கருவைச் சிலகாலம் ஒத்திவைக்கச் சொல்வார். நீண்டகால நோயுடையோரைக் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற இடங்களின் நிபுணரிடம் அனுப்புவதற்கும் வழியுண்டு.

அவரைக் காணச் செல்லும்போது வீட்டிலுள்ள யாவற்றையும் ஒரு பையில் இட்டுச் செல்லுதல் வேண்டும். பாமசிக் குளிசை, யூனானி மருந்து, மச்சானின் போத்தல், ராத்தாவின் லேகியம் ஆகிய எதையும் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. நோன்பு மாதமாயின் ஃபோலிக் அமிலக் குளிசையை ஸஹருக்கோ நோன்பு திறந்தபின்னோ உண்ணலாம்; அதற்காக ஒருநாளும் தவறவிட வேண்டியதில்லை.